செத்தவர் பெயரைக் கேட்ட வரி

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காபி கொடுத்து, "சும்மா பாருங்க மேடம்" என்றீர்கள். எனக்குச் சும்மா பார்க்கத் தெரியாது. அந்தச் சுழல் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பேனா என்பதே சந்தேகம். எழுந்து வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தேன். உங்களில் ஒருவர் புரோகிராமில் எட்டு வரிகளை இரண்டாகச் சுருக்கி, இன்னொருவர் சரிபார்க்க ரிவியூவுக்கு வைத்திருந்தார். இன்னொருவர் பார்த்தார், "சூப்பர், கச்சிதமா இருக்கு" என்றார், ஒப்புதல் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். சின்ன மாற்றம்தானே!

எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம். வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டாளா இவள் என்று நினைப்பீர்களே என்று காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. பெரிய மாற்றங்களைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது, அவற்றைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். ஒரு சின்ன மாற்றம்தான் என்னைப் பழவேற்காட்டில் ஒரு குப்பத்தின் நடுவில் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டது. அதை எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மீஞ்சூரிலிருந்து ரயில் பிடித்து மெட்ராசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏரி மீன்பிடிப்பை ஆராயும் ஒரு சின்ன அலுவலகம். ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு நானும் காதரும். காதர் பழவேற்காட்டுக்காரன். தாத்தா காலத்தில் கப்பல் வியாபாரம் பார்த்த குடும்பம். இவன் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலை கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து நிற்பான். அவன் எழுதினால் நான் சரிபார்ப்பேன், நான் எழுதினால் அவன். ரிவியூ என்ற வார்த்தை அப்போது எங்களுக்குத் தெரியாது. அகலமான தாளில் புரோகிராமை அச்சடித்து, சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருவோம். நான் வெட்டுகிற வேகத்தைப் பார்த்துக் காதர் எனக்குக் "கத்திரி அக்கா" என்று பெயர் வைத்திருந்தான்.

வெட்டுவதற்குக் காரணமும் இருந்தது. அந்த மெஷினின் நினைவகம் இன்று உங்கள் கைபேசியில் ஒரு போட்டோவுக்குக்கூடப் பத்தாது. மனிதர்கள் படிப்பதற்காக எழுதி வைக்கும் குறிப்பு வரி ஒவ்வொன்றும் அதில் இடத்தை அடைக்கும். காதரோ குறிப்பு எழுத ஆரம்பித்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதுவான். மேலும் கீழும் நட்சத்திரம் போட்டு வரிசை கட்டுவான். ஒருநாள் மெஷின் இடமில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டது. ஆகவே சுருக்கியே ஆகவேண்டும். அதை மட்டும் நான் இன்றைக்கும் தப்பென்று சொல்லமாட்டேன்.

அந்த புரோகிராம் என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் நிறையக் கிடைக்கும் துறைகள் சில உண்டு. அங்கே நினைத்தவன் நினைத்த நாளில் வலை போட முடியாது. குப்பத்து ஆட்கள் செட்டு செட்டாகச் சேர்ந்து முறை வைத்து இறங்குவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு செட்டுக்கு ஒரு நாள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வலை இறங்கினால், மறுநாள் விளக்கு வைக்கும் வரை துறை அவர்களுடையது. முகத்துவாரத்தை ஒட்டிய துறைதான் எல்லாவற்றிலும் செழிப்பு. அங்கே ஒரு செட்டுக்கு மறுபடி முறை வர இருபத்திரண்டு நாள் ஆகும். இறால் ஓடுகிற பருவத்தில் அந்த ஒரு நாள் தவறினால் பருவமே போனமாதிரிதான்.

எந்த நாளில் யார் இறங்கினார்கள் என்பது ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டதால், முறைப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். குப்பத்தாரும் ஒரு பிரதி கேட்டார்கள். வலைக்கொட்டகைச் சுவரில் ஒட்டினோம். மெஷின் இங்கிலீஷ் எழுத்தில்தான் அச்சடிக்கும், பக்கத்தில் பேனாவால் தமிழில் பெயர் எழுதிக் கொடுப்போம். ஆறே மாதத்தில், மனசில் முறை வைத்திருந்த ஆட்கள் சுவரைப் பார்த்து முறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் காதர் எழுதிய ஒன்பது வரிகள் என் பென்சிலுக்கு மாட்டின.

"இன்னா காதர், ஒரே விஷயத்த ரெண்டு தரம் எழுதி வெச்சிருக்க?"

"ரெண்டும் வேறக்கா. ஊர்ல சாவுன்னா யாருமே ஏரில எறங்க மாட்டாங்க. தனி ஆளுக்கு ஒடம்பு சரியில்லன்னா அந்த செட்டு மட்டும்தான் எறங்காது."

"எப்டியோ அன்னிக்கு வலை எறங்கல. அவ்ளோதானே? அடுத்த செட்டுக்குப் போயேன்."

"அது இல்லக்கா…"

"செத்தவங்க பேர வேற கேக்குது. மெஷினுக்கு எதுக்குப்பா எழவு வீட்டு விசாரண?"

காதர் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். இதை நன்றாகக் கவனியுங்கள். அவன் "அது இல்லக்கா" என்று ஆரம்பித்ததை முடிக்கவே இல்லை. சிரிக்க வைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் வாயடைத்துப்போவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதைத்தான் செய்தேன். ஒன்பது வரிகளையும் அடித்து, நாலைந்து எழுத்தும் அடைப்புக்குறியுமாக ஒரே வரி எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன். ஒரு செட்டு வராத நாளைக் கொடுத்துச் சோதித்தேன், சரியாக வந்தது. சாவு நாளைக் கொடுத்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நானே சொல்லிவிட்டேனே, அப்புறம் எதற்குப் பார்ப்பது?

மூன்று மாதம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை காலை குப்பத்திலிருந்து போன் வந்தது. பொன்னுசாமி என்ற பெரியவர் விடியற்காலையில் இறந்துவிட்டார், அன்று யாரும் ஏரியில் இறங்கமாட்டார்கள், மறுநாள் காலை பால் தெளித்த பிறகு சாயங்காலத்திலிருந்து மறுபடி பாடு நடக்கும் என்றார்கள். காதர் லீவில் இருந்தான். அவனுடைய உம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நானே தேதியைத் தட்டி, புதுப் பட்டியல் எடுத்து, வியாழக்கிழமை நானே பஸ் ஏறினேன். தபாலில் அனுப்பியிருக்கலாம், எனக்குத்தான் பொறுமை கிடையாதே.

திருப்பாலைவனத்தைத் தாண்டும்போதே மணி இரண்டரை. பழவேற்காட்டில் இறங்கி, தோணி பிடித்து அக்கரைக் குப்பத்துக்குப் போய்ச் சுவரில் பட்டியலை ஒட்டினேன். முகத்துவாரத் துறைக்கு அன்றைய சாயங்காலம் தேசப்பன் செட்டு என்று இருந்தது. தேசப்பன் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, வலையைத் தோணியில் ஏற்றச் சொன்னார்.

அதற்குள் பக்கத்துத் தோணியில் இன்னொரு வலை ஏறிக்கொண்டிருந்தது. செத்துப்போன பொன்னுசாமியின் மகன் ஏழுமலையின் செட்டு. ஏழுமலை மொட்டைத் தலையோடு ஓரமாக நின்றிருந்தான். காரியம் முடியும்வரை அவன் வலையைத் தொடக்கூடாது, அவனுடைய பங்காளிகள் இரண்டு பேர்தான் இறங்கவேண்டும்.

"நேத்து எங்க மொற," என்றான் அவன் பங்காளி. "சாவு விழுந்துச்சு. நின்னுபோச்சு. இன்னிக்கு அதே மொறதான் எறங்கணும். எப்பவும் அப்டித்தானே?"

"இல்லன்னு நான் சொல்லல," என்றார் தேசப்பன். "ஆனா செவுத்துல என் பேரு கீதே. இன்னிக்கு நான் உட்டுக்குடுத்தா நாளைக்கு எந்தப் பேரு போட்டுக்கீது பாரு. வேற எவனோ பேரு. என் மொற எங்க போவும்? நீ குடுப்பியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மனசிலேயே முறை வைத்திருந்த காலமாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்திருப்பார்கள். இப்போது எல்லோரும் காகிதத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

ஏழுமலை சுவரருகே வந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன். விரலை மேலிருந்து கீழே ஓட்டினான். செவ்வாய் ஒரு பெயர், வியாழன் ஒரு பெயர். புதன் என்ற நாளே அதில் இல்லை.

"எங்க நைனா செத்த நாளு இதுல எங்க கீதும்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். முன்னெல்லாம் காதர் எடுத்த பட்டியலில் அந்தத் தேதியில் 'ஊர் நிறுத்தம்' என்றும், பக்கத்தில் இறந்தவர் பெயரும் இருக்கும். குப்பத்தில் நாளை அப்படித்தான் ஞாபகம் வைப்பார்கள், இன்னார் செத்த நாள் என்று. அந்தப் பெயரை வைத்துத்தான் பட்டியல் சரியா தப்பா என்று சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் எழவு விசாரணை என்று கிண்டல் செய்து வெட்டியது அதைத்தான்.

கையோடு கொண்டுபோயிருந்த புரோகிராம் தாளைப் பிரித்தேன். நான் எழுதிய அந்த ஒற்றை வரியைப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கே அது விளங்கவில்லை! மூன்று மாதத்துக்கு முன் பெருமையாக எழுதியது. கே என்றால் என்ன, எம் என்றால் என்ன, எதிலிருந்து எதைக் கழித்தேன்? சுற்றி முப்பது பேர் நிற்கிறார்கள். ஒரு வரியைச் சத்தமாகப் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

குப்பத்துத் தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். "வெளக்கு வெக்கிறதுக்குள்ள சொல்லும்மா. அதுக்குள்ள வலை எறங்கலன்னா இன்னிக்குத் தொற சும்மாதான் கெடக்கும்."

காதர் வீடு ஏரிக்கு மறுபக்கம், பழவேற்காட்டில்தான். ஓடினேன். ஆனால் தோணியில் எங்கே ஓடுவது? கோல் போட்டுத் தள்ளுகிறவர் அவர் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் நடுவில் எழுந்து எழுந்து நின்றேன். "ஒக்காரும்மா. நீ நின்னா தோணி சீக்கிரமாவா போயிடும்?" என்றார். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

கதவைத் தட்டியதும் காதர் வந்தான். நான் பாதி சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சாவுன்னா மொற அப்டியே நிக்கும்கா. ஆளு வரலன்னா மொற போயிடும். நான் அன்னிக்கே சொல்ல வந்தேன்."

"பழைய தாளு வெச்சிருக்கியா?"

"உம்மா அலமாரில விரிச்சிட்டாங்க."

அடுக்களை அலமாரியில் மசாலா டப்பாக்களுக்குக் கீழே விரித்திருந்தது எங்கள் புரோகிராம். கண்ணில் கட்டுப் போட்டிருந்த உம்மா கட்டிலிலிருந்தே, "உப்பு டப்பாவ கொட்டிடாதம்மா" என்றார். ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கீழே வைத்தோம். மஞ்சள் கறையோடு அந்த ஒன்பது வரிகளும் கிடைத்தன. உம்மாவைத் தனியாக விட முடியாததால் காதர் வரவில்லை. "படிச்சுக் காட்டுங்கக்கா, அவங்களுக்குப் புரியும்" என்று மட்டும் சொன்னான். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பும்போது நடு ஏரியில், சாயங்காலத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிபு பாங்கு கேட்டது. குப்பத்தில் கோயில் விளக்கு ஏற்றியாகிவிட்டது தெரிந்தது. இரண்டு தோணிகளும் கரையிலேயே கிடந்தன.

போய்ச் சேர்ந்ததும் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் துறைப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்கள். அமாவாசையை ஒட்டிய நாள், நீரோட்டம் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. கரையோரத் தண்ணீரிலேயே இறால் துள்ளுவது தெரிந்தது. ஏழுமலையின் பங்காளி இங்கும் அங்கும் நடந்தான். எனக்கும் நிற்க முடியவில்லை, நானும் நடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

நாட்டார் அரிக்கேன் விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். மஞ்சள் தாளைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் படித்தேன். ஊரில் சாவா? ஆமாம் என்றால், செத்தவர் பெயர் என்ன? அன்று யாருக்கும் முறை இல்லை. நின்ற முறை மறுநாள் நிற்கும். ஊரில் சாவு இல்லை, ஒரு செட்டு மட்டும் வரவில்லை என்றால், அந்த முறை போயிற்று, அடுத்த செட்டு.

"ஆங், அதான்" என்றார் தேசப்பன். "இது எங்க மொறதான். மொதல்லயே இதப் படிச்சிருக்கலாம் இல்ல?"

கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத மனிதர், ஒன்பது வரிகளை ஒரே தடவை கேட்டுவிட்டு ஒப்புதல் கொடுத்தார். நான் எழுதிய ஒரு வரிக்கு என்னாலேயே கொடுக்க முடியவில்லை.

அப்புறம் நாட்டார் சொன்னார்: "இன்னிக்கும் யாரும் எறங்கல. யார் மேலயும் தப்பில்ல, அதனால யார் மொறயும் போவக்கூடாது. இன்னிக்குத் தேதியையும் சாவு நாளாவே எழுதிக்கோம்மா. நாளைக்கு ஏழுமல செட்டு. அதுக்கு மறுநாளு தேசப்பன்."

அன்று ராத்திரி மீஞ்சூரில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை முதல் ரயிலில் போய், பூட்டைத் திறந்து, அந்தப் பகுதியை மறுபடி தட்டினேன். இடம் இல்லை என்ற பிரச்சினை அப்படியேதான் இருந்தது. அதனால் மறுபடி வெட்டினேன், ஆனால் இந்தத் தடவை படித்துப் படித்து வெட்டினேன். நட்சத்திர வரிசை போயிற்று. "இங்கே கூட்டுகிறோம்" என்று காதர் எழுதிய குறிப்பு போயிற்று, கூட்டுவது பார்த்தாலே தெரிகிறது. "சாவு என்றால் முறை நிற்கும், ஆள் வராவிட்டால் முறை போகும்" என்ற குறிப்பை வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அந்த விஷயம் மெஷினுக்குள் எங்கேயும் இல்லை, குப்பத்தில்தான் இருக்கிறது. ஒன்பது ஐந்தாயிற்று. திங்கட்கிழமை காதர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்னுதவிட நல்லா இருக்குக்கா" என்றான்.

அதனால் நான் உங்களை நீளமாக எழுதச் சொல்லவில்லை. வளவள என்று எழுதினால் இன்றைக்கும் எனக்குப் பென்சில் எடுக்கத்தான் கை போகும். ஒப்புதல் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த வரியைச் சத்தமாகப் படியுங்கள். அது யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறதோ அவர் எதிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள். அவர் "என் விஷயம் இதுல எங்க இருக்கு?" என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். யாராவது "அது இல்ல…" என்று ஆரம்பித்தால், தயவுசெய்து அவரை முடிக்க விடுங்கள். ஜோக் அடிக்காதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். புரோகிராமை ஓடவிட்டேன். ஊர் நிறுத்தம், தேதி? புதன் தேதியைத் தட்டினேன். செத்தவர் பெயர்? பொன்னுசாமி. அடுத்த ஊர் நிறுத்தம், தேதி? வியாழன். செத்தவர் பெயர்?

அங்கே நின்றுவிட்டது. வியாழக்கிழமை யாரும் சாகவில்லை. காலியாக விட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று பார்த்தேன், போகவில்லை. பெயர் இல்லாமல் ஒரு சாவை ஏற்கக்கூடாது என்று காதர் எழுதியிருந்தான், நானும் அந்த வரியை வெட்டாமல் விட்டிருந்தேன். திரையில் அந்தக் கட்டம் துடித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த நாள் நின்றது என்னால்தானே. என் பெயரைத் தட்டினேன்.

மத்தியானம் குப்பத்துச் சுவரில் ஒட்டினேன். ஏழுமலை வந்து விரலை ஓட்டினான். தன் நைனா பெயரில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தான். அடுத்த வரிக்கு இறக்கி, எழுத்துக் கூட்டி, "சரோஜா" என்று படித்தான்.

"நம்ப குப்பத்துல சரோஜான்னு யாரும் இல்லியே. யாரும்மா இது?"

"நான்தான்."

அவன் சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தான், காகிதத்தை ஒரு தடவை பார்த்தான்.

"சரியாத்தான் கீது," என்றான்.